நெருப்பு நரியும் பனிக்கீரியும்

2007-ஆம் ஆண்டுக் கோடையில், எங்கள் ஊரில் ஓர் அறக்கட்டளை நடத்திவந்த சிறிய நூலகத்தின் நான்கு பழைய கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என்னிடம் இருந்தது. சம்பளம் இல்லாத வேலை. ஆனால் யாரும் கேள்வி கேட்காத வேலை என்பதால், எனக்குப் பிடித்த இயங்குதளத்தை நிறுவிப் பார்க்கும் உரிமையும் அதோடு சேர்ந்தே வந்தது. தன்னார்வலர்கள் கூடி உருவாக்கும் டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் 4.0 பதிப்பு அந்த ஏப்ரலில் வெளியாகியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து நான்கு கணினிகளையும் அந்தப் பதிப்புக்கு மாற்றிவிட்டு வீடு திரும்பினேன். மறுநாள் காலை பத்து மணிக்கெல்லாம் நூலகர் அக்காவிடமிருந்து அழைப்பு வந்தது.

"தம்பி, நரியைக் காணோமே. அந்த இடத்துல எலி மாதிரி வெள்ளையா ஏதோ ஒண்ணு உருண்டையைச் சுத்திக்கிட்டுப் படுத்திருக்கு. வைரஸ் எதுவும் வந்துடுச்சா?"

வைரஸ் இல்லை. அது ஐஸ்வீசல். நரியை இலச்சினையாகக் கொண்ட ஃபயர்பாக்ஸ் என்ற இணைய உலாவியின் அதே மூல நிரல், அதே பட்டைகள், அதே பொத்தான்கள்; பெயரும் படமும் மட்டும் வேறு. ஃபயர் என்பதற்கு எதிராக ஐஸ், ஃபாக்ஸ் என்பதற்கு இணையாக வீசல் என்று யாரோ கேலியாகக் கோத்த பெயர் அது. வீசல் என்ற விலங்கை நான் பனிக்கீரி என்று சொல்லிப் பழகிவிட்டேன். விலங்கியல் தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நரி ஏன் போனது, கீரி ஏன் வந்தது என்று அக்காவுக்குத் தொலைபேசியில் விளக்க முயன்று, இரண்டு நிமிடத்தில் தோற்றுப்போய், "அதுவும் நரிதான் அக்கா, சட்டையை மாத்தியிருக்கு" என்று முடித்துக்கொண்டேன். அன்று சொல்ல முடியாமல் போனதைத்தான் இப்போது எழுதிப் பார்க்கிறேன்.

கதை 2002 செப்டம்பரில் தொடங்குகிறது. ஃபயர்பாக்ஸை உருவாக்கும் மொசில்லா திட்டம் அன்று உலாவி, மின்னஞ்சல், வலைப்பக்கம் எழுதும் கருவி என எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டித் தந்துகொண்டிருந்தது. திறப்பதற்கே நேரம் பிடிக்கும் மூட்டை. டேவ் ஹயாட், பிளேக் ராஸ் முதலிய சில இளைஞர்கள் உலாவியை மட்டும் தனியாகப் பிரித்தெடுத்து, மெலிதாக்கி, அதற்கு ஃபீனிக்ஸ் என்று பெயர் வைத்தார்கள். நெட்ஸ்கேப் என்ற உலாவி மைக்ரோசாஃப்டிடம் தோற்றுச் சாம்பலாகியிருந்த காலம் அது. சாம்பலிலிருந்து எழும் பறவையின் பெயரை வைத்ததில் சற்று நாடகத்தன்மை உண்டு என்றாலும் பொருத்தம் இல்லாமல் இல்லை.

ஆனால் ஃபீனிக்ஸ் டெக்னாலஜிஸ் என்றொரு நிறுவனம் ஏற்கெனவே இருந்தது. கணினியை இயக்கியவுடன் கறுப்புத் திரையில் முதலில் தோன்றுமே, பயாஸ், அதைத் தயாரிப்பவர்கள். பயாஸுக்கும் உலாவிக்கும் என்ன தொடர்பு என்று கேட்கத் தோன்றும். வணிகக்குறிச் (டிரேட்மார்க்) சட்டத்தின் அடிப்படைக் கேள்வியும் ஏறக்குறைய அதுதான். ஒரு சொல்லை யாரும் முழுவதுமாகச் சொந்தம் கொண்டாட முடியாது. குறிப்பிட்ட வகைச் சரக்குக்கு ஒருவர் ஒரு பெயரைப் பயன்படுத்திக்கொண்டிருக்கும்போது, அதே வகையிலோ அதற்கு நெருக்கமான வகையிலோ இன்னொருவர் அதே பெயரோடு வந்தால், வாங்குபவர் ஒன்றை இன்னொன்றாக எண்ணிவிடுவாரா என்பதைத்தான் சட்டம் பார்க்கிறது. ஃபீனிக்ஸ் என்ற பெயரில் உணவகம் நடத்துபவரோடு பயாஸ் நிறுவனத்துக்குத் தகராறு வர வழியில்லை. ஆனால் அந்த நிறுவனம், இயங்குதளம் ஏறுவதற்கு முன்பே இணையத்தைத் திறக்கக்கூடிய ஓர் உலாவியையும் தயாரித்து வைத்திருந்தது. ஆகவே மறுப்புச் சொல்ல அதற்கு நியாயம் இருந்தது. மொசில்லா தரப்பும் நீதிமன்றம் வரை இழுக்காமல் பெயரைக் கைவிட்டது.

அடுத்துத் தேர்ந்தெடுத்த பெயர்தான் எனக்கு இன்றும் வியப்பைத் தருகிறது. மாதக்கணக்கில் யோசித்து, சட்டம் தெரிந்தவர்களைக் கேட்டு, 2003 ஏப்ரலில் ஃபயர்பேர்டு என்று அறிவித்தார்கள். பழைய பறவைக்கு நெருக்கமான புதுப் பறவை. ஆனால் ஃபயர்பேர்டு என்ற பெயரில் தரவுத்தளம் ஒன்று அப்போதே பலருக்கும் தெரிந்திருந்தது. போர்லாண்ட் நிறுவனம் 2000-இல் தன்னுடைய இன்டர்பேஸ் தரவுத்தளத்தின் மூல நிரலைத் திறந்துவிட்டபோது, அதிலிருந்து கிளைத்து வளர்ந்தது அது. அதுவும், யாரும் எடுத்து மாற்றிப் பகிரக்கூடிய கட்டற்ற மென்பொருள். அதாவது, ஒரு கட்டற்ற திட்டம் பெருநிறுவனம் ஒன்றின் எதிர்ப்பால் பெயரை இழந்து, அந்த இழப்பைச் சரிக்கட்ட இன்னொரு கட்டற்ற திட்டத்தின் பெயரை எடுத்துக்கொண்டது.

ஃபயர்பேர்டு தரவுத்தளத்துக்காரர்கள் கொதித்துப்போனார்கள். வழக்கறிஞர் நோட்டீஸ் அனுப்பிச் சாதிக்கும் அளவுக்கு அவர்கள் பெரிய இடம் இல்லை. தங்கள் பயனர்களை அழைத்து, மொசில்லாவுக்கு எழுதுங்கள் என்றார்கள். மடல்கள் குவிந்தன. சில மடல்களின் மொழி அச்சிடத் தகுந்ததாக இல்லை. தரவுத்தளமும் உலாவியும் வேறு வேறு வகை, யாரும் குழம்பப்போவதில்லை என்பதே மொசில்லா தரப்பின் வாதம். சட்டப்படி அது நிற்கக்கூடிய வாதமாகவே இருக்கலாம். ஆனால் நூலகக் கணினியில் உட்கார்ந்து தேடுபொறியில் ஃபயர்பேர்டு என்று தட்டுகிறவருக்குச் சரக்கு வகைப்பாடுகள் தெரியாது. நேற்றுவரை தங்கள் திட்டத்தைக் காட்டிய தேடல், இனி பல மடங்கு பேர் பேசும் ஓர் உலாவியின் அடியில் தங்களைப் புதைத்துவிடும் என்று தரவுத்தளத்துக்காரர்கள் அஞ்சியதில் தவறே இல்லை. பெயருக்கு முன்னால் எப்போதும் மொசில்லா என்று சேர்த்தே சொல்வோம் என்ற சமாதானமும் எடுபடவில்லை. மூன்றெழுத்துக் கூட்டிச் சொல்லும்போதே சுருக்கத் தேடுகிற மக்கள், முன்னொட்டை எத்தனை நாள் சுமப்பார்கள்?

2004 பிப்ரவரி 9 அன்று வெளிவந்த 0.8 பதிப்பு, ஃபயர்பாக்ஸ் என்ற மூன்றாவது பெயரோடு வந்தது. நெருப்பு இருந்தது, பறவை போயிற்று. ஃபயர்பாக்ஸ் என்பது செம்பாண்டாவுக்கு வழங்கும் இன்னொரு பெயர் என்று அவர்களே விளக்கம் சொன்னார்கள்; ஆனால் ஜான் ஹிக்ஸ் வடிவமைத்த இலச்சினையில் உலகை வளைத்துக் கிடப்பது சந்தேகத்துக்கு இடமில்லாத நரி. இந்த முறை முன்னெச்சரிக்கையாக வணிகக்குறிப் பதிவுக்கும் விண்ணப்பித்திருந்தார்கள். இருமுறை சூடுபட்ட பூனை அல்லவா.

இதே ஆண்டில் முடிந்த இன்னொரு பெயர்ச்சண்டையை இங்கே ஒரு வரியில் சொல்லிவிட வேண்டும், வேறுபாட்டுக்காக. லிண்டோஸ் என்ற லினக்ஸ் நிறுவனத்தின்மீது மைக்ரோசாஃப்ட் தொடுத்த வழக்கில், விண்டோஸ் என்பதே 1985-க்கு முன்பு பொதுச்சொல்லாக வழங்கியதா என்று ஜூரி ஆராயலாம் என்ற நிலைமை அமெரிக்க நீதிமன்றத்தில் உருவாகிவிட்டது. தோற்றால் பெயரே கையைவிட்டுப் போகும் என்ற இக்கட்டில், வழக்குத் தொடுத்த மைக்ரோசாஃப்டே 2004 ஜூலையில் 2 கோடி டாலர் கொடுத்து எதிராளியின் பெயரை மாற்றவைத்தது. அங்கே பேசியது பணம். ஃபயர்பேர்டு தகராறில் யாரிடமும் பணம் இல்லை. ஒரே தெருவில் குடியிருப்பவர்களுக்குள் உள்ள மரியாதைதான் பேசுபொருள். எனக்கென்னவோ இரண்டாவது வகைச் சண்டையே அதிகக் காயத்தை விட்டுச்செல்வதாகத் தோன்றுகிறது.

இனி நூலகத்து எலிக்கு வருவோம்.

பெயரைப் பதிந்தவருக்கு ஒரு தலைவலி உண்டு. பதிவது எளிது, காப்பதுதான் வேலை. யார் வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் அந்தப் பெயரைப் பயன்படுத்த விட்டுவிட்டால், அது குறிப்பிட்ட ஒருவருடைய சரக்கைக் காட்டும் அடையாளமாக இருப்பதை இழந்துவிடும். பிறகு நீதிமன்றத்தில் போய், இது என் பெயர் என்று சொன்னால் எடுபடாது. நம் ஊரில் எந்த நிறுவனத்தின் எந்திரமாக இருந்தாலும் கடை வாசலில் 'ஜெராக்ஸ்' என்றுதானே எழுதுகிறோம். பெயருக்குச் சொந்தக்காரரான நிறுவனத்துக்கு இது இனிக்கிற செய்தி அல்ல. ஆகவே மொசில்லா விதிகள் வகுத்தது. நாங்கள் வெளியிடும் நிரலை அப்படியே தந்தால் ஃபயர்பாக்ஸ் என்ற பெயரையும் இலச்சினையையும் பயன்படுத்தலாம். நிரலை மாற்றினால், மாற்றங்களை எங்களிடம் காட்டி ஒப்புதல் பெற வேண்டும். பெயரும் இலச்சினையும் சேர்ந்தே வரவேண்டும், ஒன்றை எடுத்து ஒன்றை விடக்கூடாது.

டெபியனுக்கு இதில் மூன்று இடத்தில் இடித்தது. இலச்சினைப் படத்தின் பதிப்புரிமை, நிரலைப் போலக் கட்டற்ற உரிமத்தின்கீழ் இருக்கவில்லை. கட்டற்றது அல்லாத ஒன்றைத் தன் முதன்மைக் களஞ்சியத்தில் வைப்பதில்லை என்பது டெபியனின் விரதம். அதனால் நரியில்லாத வெறும் உருண்டையைப் படமாக வைத்து, பெயரை மட்டும் ஃபயர்பாக்ஸ் என்று விட்டிருந்தார்கள். அடுத்தது, டெபியனின் நிலையான பதிப்பு ஒருமுறை வெளியானால் அதிலுள்ள மென்பொருள்களின் பதிப்பெண் ஆண்டுக்கணக்கில் மாறாது. மொசில்லா கைகழுவிவிட்ட பழைய பதிப்புக்கும், புதிய பதிப்பின் பாதுகாப்புத் திருத்தங்களை எடுத்துத் தாங்களே ஒட்டுப்போட்டுக்கொண்டிருப்பார்கள். ஒவ்வோர் ஒட்டுக்கும் வெளியாரிடம் கையொப்பம் வாங்கி வருவது அவர்களுக்கு நடக்கிற காரியம் அல்ல. மூன்றாவது இடைஞ்சல் கொள்கை சார்ந்தது: டெபியனுக்கு மட்டும் தனிச்சலுகை தருகிறோம் என்று சொன்னாலும் ஏற்க முடியாது, ஏனென்றால் டெபியனிலிருந்து எடுத்து மாற்றிப் பகிர்கிறவருக்கும் அதே உரிமை போய்ச்சேர வேண்டும் என்று அவர்களுடைய நெறிமுறை சொல்கிறது.

2006 பிப்ரவரியில் மொசில்லாவின் மைக் கானர், டெபியன் தன் மென்பொருள் பிழைகளைப் பதிந்துவைக்கும் வழுப்பட்டியலிலேயே ஒரு வழுவாக இதைப் பதிந்தார். எண் 354622. அனுமதியில்லாமல் ஃபயர்பாக்ஸ் வணிகக்குறியைப் பயன்படுத்துகிறது என்பதே வழு. பொத்தான் வேலை செய்யவில்லை, எழுத்துரு சிதைகிறது என்று முறையிடும் பட்டியலில், உங்கள் மென்பொருள் பொதியின் பெயரே பிழை என்று ஒரு முறையீடு. சட்ட நோட்டீஸாக வராமல் வழு அறிக்கையாக வந்ததில் ஒருவகைப் பண்பாடு தெரிகிறது என்றே நான் நினைக்கிறேன். அன்று கோபத்தில் இருந்தவர்கள் அப்படி நினைக்கவில்லை. முன்பே ஓர் இணக்கம் இருந்ததே என்று டெபியன் தரப்பு சொன்னது. அந்த இணக்கம் இனி செல்லாது என்று மறுதரப்பு சொன்னது. அந்த உரையாடலை முழுவதும் படித்திருக்கிறேன். இரு பக்கமும் தம்தம் நிலையிலிருந்து பார்த்தால் சரியாகவே பேசுகிறார்கள் என்பதுதான் அதைப் படிப்பதில் உள்ள வேதனை.

அந்த நாளில் நான் முழுக்க டெபியன் பக்கம். இருமுறை பிறரால் பெயரிழந்தவர்கள், மூன்றாவது பெயர் நிலைத்ததும் சக திட்டத்தின் கழுத்தைப் பிடிக்கிறார்களே என்று ஆவேசமாக வாதிட்டிருக்கிறேன். மாமியார் கொடுமையை அனுபவித்த மருமகள், தான் மாமியாரானதும் என்ன செய்கிறாள் பாருங்கள் என்ற உவமையை நண்பர்களிடம் பலமுறை பயன்படுத்தினேன். இன்று அந்த உவமை எனக்குக் கூச்சத்தைத் தருகிறது. அப்போது நான் பார்க்கத் தவறிய ஒன்று, டெபியன் என்பதும் வணிகக்குறிதான் என்பது. அதை ஓர் இலாப நோக்கற்ற அமைப்பு அவர்கள் சார்பில் வைத்திருக்கிறது. டெபியனை மாற்றி வெளியிடுபவர் அதை டெபியன் என்றே அழைக்கக்கூடாது என்பதில் அவர்களும் உறுதியானவர்கள்தான். மேலும், மாற்றிய மென்பொருளுக்கு வேறு பெயர் வைக்கச்சொல்லி உரிமம் கேட்பது நியாயமே என்று டெபியனின் நெறிமுறையிலேயே நான்காவது பிரிவு சொல்கிறது. பெயரை ஐஸ்வீசல் என்று மாற்றிக்கொண்டு நிரலைத் தொடர்ந்து தந்ததன்மூலம், டெபியன் தன் நெறிமுறை காட்டிய வழியில்தான் போயிற்று.

என் கருத்தை மாற்றியது இந்த வாதங்கள் அல்ல, 2013-இல் நடந்த ஒன்று. காமா என்ற நிறுவனம் அரசுகளுக்கு விற்றுவந்த ஃபின்ஸ்பை என்ற உளவுமென்பொருளை, டொராண்டோ பல்கலைக்கழகத்தின் சிட்டிசன் லேப் ஆய்வாளர்கள் பிரித்துப் பார்த்தார்கள். மலேசியப் பொதுத்தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்த நேரத்தில் மலாய் மொழி ஆவணம் ஒன்றோடு சேர்ந்து அது பரவியிருந்தது. கணினியில் அந்தக் கோப்பின்மீது வலச்சொடுக்கிப் பண்புகளைத் திறந்தால், பெயர் இருக்கும் இடத்தில் ஃபயர்பாக்ஸ், உரிமையாளர் இருக்கும் இடத்தில் மொசில்லா. சந்தேகப்பட்டுத் திறந்து பார்க்கிறவரையும் ஏமாற்றுவதற்காகவே அப்படிச் செய்திருந்தார்கள்.

அந்த உளவுநிரலில் ஃபயர்பாக்ஸின் மூல நிரல் இல்லை. ஆகவே நிரலின் உரிமத்தை மீறினாய் என்று சொல்ல வழியே இல்லை. அதற்குள் இருந்த மொசில்லாவின் உடைமை அந்தப் பெயர் ஒன்றுதான். 2013 ஏப்ரல் இறுதியில், இதை நிறுத்து என்று மொசில்லா அந்த நிறுவனத்துக்குக் கடிதம் அனுப்பியபோது, கையில் இருந்த ஒரே ஆயுதம் வணிகக்குறி. நிரலை உலகத்துக்கே திறந்துவிட்டவர்களிடம், இது நாங்கள் செய்ததல்ல என்று சொல்வதற்குப் பெயரைத் தவிர வேறு எதுவும் மிஞ்சுவதில்லை. மூடிய மென்பொருள் விற்பவருக்கு நிரலே கோட்டைச் சுவர். திறந்த மென்பொருள்காரருக்கு வாசலில் மாட்டிய பெயர்ப்பலகை மட்டுமே சுவர். 2006-இல் டெபியனிடம் கறாராக நின்றதும் 2013-இல் உளவு நிறுவனத்துக்கு எழுதியதும் ஒரே உரிமையின் இரண்டு பயன்கள் என்பதை ஏற்றுக்கொள்ள எனக்குச் சில ஆண்டுகள் பிடித்தன. முதல் பயனை இன்னும் முழு மனதோடு ஏற்க முடியவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். நம்பிக்கைக்குரிய அண்டை வீட்டாருக்கும் வேடமிட்டு வரும் திருடனுக்கும் ஒரே விதிமுறையை நீட்டுவது சட்டத்தின் வசதிக்காகத்தான்.

அந்த வசதிக்கான விலையை யார் கொடுத்தார்கள் என்பதையும் நான் நேரில் பார்த்தேன். உலாவி ஒவ்வொரு தளத்துக்கும் போகும்போது தன் பெயரைச் சொல்லிக்கொண்டே போகும். டெபியன் 4.0-இல் அது ஐஸ்வீசல் 2.0 என்று சொன்னது. அக்காவின் நூலகத்தில் ஒரு பெரியவர் ஓய்வூதியக் கணக்கைப் பார்ப்பதற்காகத் தன் வங்கியின் தளத்தைத் திறந்தபோது, உங்கள் உலாவி ஆதரிக்கப்படவில்லை, ஃபயர்பாக்ஸ் நிறுவுங்கள் என்று செய்தி வந்தது. அவர் பயன்படுத்திக்கொண்டிருந்தது ஃபயர்பாக்ஸேதான் என்று அவருக்கு நான் எப்படிச் சொல்வேன்? அந்தத் தளத்தை எழுதியவர் உலாவியின் திறனைப் பார்க்காமல் பெயரைப் பார்த்தது சோம்பல். ஆனால் இணையம் முழுக்க அந்தச் சோம்பல்தான் அன்று நடைமுறை. உள்ளமைவுப் பக்கத்தைத் திறந்து, உலாவி தன்னை ஃபயர்பாக்ஸ் என்று சொல்லிக்கொள்ளும்படி ஒரு வரியை மாற்றினேன். பக்கம் உடனே திறந்தது. வணிகக்குறி காரணமாகப் பெயர் மாறிய மென்பொருளை, மாறிய பெயரை மறைத்துப் பழைய பெயரைப் பொய்யாகச் சொல்லவைத்துத்தான் அந்தப் பெரியவர் தன் ஓய்வூதியத்தைப் பார்த்தார்.

பத்தாண்டுகள் போயின. சண்டைக்கான காரணங்கள் ஒவ்வொன்றாகத் தாமே உதிர்ந்தன. 2012-இல் மொசில்லா நீண்டகால ஆதரவுள்ள பதிப்புகளை வெளியிடத் தொடங்கியது. அடுத்த ஆண்டே டெபியன், பழைய பதிப்புக்கு ஒட்டுப்போடும் வழக்கத்தை விட்டு, அந்தப் பதிப்புகளையே பின்தொடர்ந்தது. இலச்சினைப் படத்தின் பதிப்புரிமை கட்டற்ற உரிமத்துக்கு மாறியது. படத்தை யாரும் எடுத்தாளலாம், வணிகக்குறியாக அதைத் தவறாகப் பயன்படுத்தக்கூடாது என்று இரண்டையும் பிரித்துக்கொண்டார்கள். 2016 பிப்ரவரியில், மொசில்லாவிலும் டெபியனிலும் ஒருங்கே பணியாற்றிய சில்வெஸ்டர் லெட்ரு இன்னொரு வழுவைப் பதிந்தார், எண் 815006: ஐஸ்வீசலை ஃபயர்பாக்ஸ் என்று திரும்பப் பெயர்மாற்ற வேண்டும். டெபியன் செய்யும் மாற்றங்கள் உலாவியின் தரத்தைக் கெடுக்கவில்லை, இது டெபியனுக்கு மட்டுமான தனிச்சலுகையும் அல்ல என்று அதில் தெளிவுபடுத்தியிருந்தது. ஒரு வழு அறிக்கையால் போன பெயர், இன்னொரு வழு அறிக்கையால் திரும்பியது. நீதிபதி யாரும் தேவைப்படவில்லை.

அந்த ஜூனில் நிலையான பதிப்புக்கும் மாற்றம் வந்துசேர்ந்தது. வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்பின்போது ஐஸ்வீசல் என்ற பொதி, ஃபயர்பாக்ஸை இழுத்துவந்து வைத்துவிட்டுத் தான் வெறும் கூடாக நின்றுகொண்டது. நூலகத்தில் அப்போது இரண்டு கணினிகளே மிச்சம். புதுப்பிப்பு இரவில் தானாக நடந்துவிட்டது. நான் யாரிடமும் சொல்லிவைக்கவில்லை. காலை பத்து மணிக்கு அக்கா அழைத்தார்.

"தம்பி, நரி வந்துடுச்சு."

"ஆமா அக்கா, பேரைத் திருப்பிக் குடுத்துட்டாங்க."

கொஞ்ச நேரம் பதில் இல்லை. பின்னால் மின்விசிறி சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது.

"சரிதான். ஆனா அந்த எலி எங்க போச்சு? சின்னப் பசங்க அதைத்தான் தேடுறாங்க."